லேபிளின் பின்பக்கம்

பாளையங்கோட்டையில் ரெண்டு நாள் பயிற்சி.
ஒரு சார்ட், ஒரு பதிவேடு, மத்தியானம் தயிர்சாதம்.
பதிவேட்டின் மேலே அச்சடித்திருந்தது:
ஆபத்து நிலையிலுள்ள வளரிளம் பருவத்தினர்.
முக்கூடல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
யாரது என்று யோசித்தேன்.
பேட்டை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.
எங்கள் தெருதான்.

சனிக்கிழமை பீடிக்கடையில் வாரக் கணக்கு.
அட்டை அம்மாமார் பேரில், விரல் இவர்களுடையது.
பின்பக்க ஷெட்டில் சாக்கு விரித்து
நகக்கண்ணில் தூள்வாசம் போகாத பதினாலு பேர்.
கேள்வி கேளுங்க என்றால்
தகரக் கூரையைப் பார்ப்பார்கள்.
ஒரு பிஸ்கட் டின் வைத்தேன்,
மூடியைக் கத்தியால் கீறி ஒரு வாய்.
தாளுக்கு எங்கே போக?
பீடி லேபிளின் பின்பக்கம் வெள்ளைதானே.
பேர் எழுத வேண்டாம்.

முத்தம் குடுத்தா பிள்ளை வருமா.
நாள் தள்ளிப்போனா அதேதானா, காய்ச்சல்லயும் தள்ளுமா.
கல்யாணம் முடிஞ்சிட்டா பதினாறுல பெத்துக்கிடலாமா.
போட்டோ கேக்கான், அனுப்பலன்னா பிரியம் இல்லையாம்.
ஒரு லேபிளில் இவ்வளவுதான்:
வேண்டாம்னு எப்படிச் சொல்ல.

மற்றதுக்கெல்லாம் சார்ட் இருந்தது.
கருப்பையைக் குச்சியால் தொட்டுக் காட்டினேன்.
துப்பட்டாவைக் கடித்துச் சிரித்தார்கள்,
அப்புறம் சிரிக்கவில்லை.
தாலி ஏறுனதும் இடுப்பெலும்பு விரிஞ்சிராது, ஏட்டி.
ஆணுறை என்ற சொல்லை
நான்காவது வாரம்தான் திணறாமல் சொன்னேன்.
இந்த ஒரு கேள்விக்குப் படம் இல்லை.

"நீங்க சொல்லிருக்கீங்களா எக்கா?"

பதினேழு வயசில் நான் சொல்லவில்லை.
ஒன்றும் ஆகாமல் போனது தற்செயல்.
சார்ட்டைச் சுருட்டினேன்.
சுருட்டி ரப்பர் போட்ட பிறகு
அதைச் சொன்னேன்.

மகிஷா எழுந்தாள்.
செக்கர் மாதிரி இல்லாத கண்ணாடியை மூக்கில் இறக்கி
இல்லாத கட்டு ஒன்றை உள்ளங்கையில் உருட்டினாள்:
"முனை மடங்கல. இது ஆவாது. தள்ளு."
ஷெட்டு அதிர்ந்தது.
உண்மைதான். இருபத்தஞ்சு பீடியைக்
கழிவில் எறியும்போது அந்த ஆள்
மன்னிப்புக் கேட்பதில்லை,
ரெண்டாம் தரம் காரணம் சொல்வதில்லை,
நம் முகம் வாடுகிறதே என்று
திரும்ப எடுத்ததும் இல்லை.
ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள்.
ஆவாது.
இன்னும் நல்லாச் சொல்லுட்டி.
ஆவாது, தள்ளு.
வாயே திறக்காத ஆவுடைத்தங்கம் சொன்னபோது
வெளியே இலை நிறுத்துக்கொண்டிருந்த
நிஜச் செக்கர் எட்டிப் பார்த்தார்.

பையன்களுக்கு ஞாயிறு, குளத்து மதகடி.
முதல் வாரம் மூணு பேர்.
மழையில் கிரிக்கெட் நின்றால் பதினொன்று.
சூளை லாரியில் கிளீனராகப் போகிற சொரிமுத்து கேட்டான்:
"வேண்டாம்ங்கா. ஒரு மாசம் பின்னால சுத்துனா
மாற மாட்டாளாக்கா?"
மாறலாம். பயத்துல.
அதுக்குப் பேரு சம்மதம் இல்ல.
யாரோ தண்ணீரில் கல் எறிந்தான்.
"அப்ப நான் என்ன செய்ய?"
வீட்டுக்குப் போ.
வெகுநேரம் அவன் போகவில்லை.
மற்றவர்கள் போன பிறகு வந்து
பிள்ளை வந்துட்டா ஆம்பளைக்கு என்ன பொறுப்பு என்று
மதகுக் கம்பியைப் பார்த்தபடி கேட்டான்.

எல்லாம் நல்லபடியாக நடந்ததென்று
பதிவேட்டில் எழுத முடியாது.
ஆடி ரெண்டாம் சனி, டின்னில் ஒரு லேபிள்:
மூணு மாசம் ஆவுது. இனி நான் இங்க வரலாமா.
வால் நீண்ட அந்த 'வ' எனக்குத் தெரியும்.
அதை மட்டும் வாசிக்கவில்லை.
மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
பொதுவாகச் சொன்னேன்:
ஒரு கேள்வி வந்துருக்கு. பதில், வரலாம்.
எந்தக் கேள்வி என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
சாக்கில் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்,
யாருக்கு இடம் விடுகிறோம் என்று தெரியாமலே.

திங்கள் காலை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல் பஸ்.
கண்டக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
"ஆஸ்பத்திரிக்கு, ரெண்டு"
என்று சொன்னது அவள்.